பத்து வினாடிக்குள் அறுந்த அழைப்புகள்

"சிஸ்டத்தில் அப்படி ஒன்றும் காட்டவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது. போன மாதம் ஒரு கவுன்ட்டரில் இருந்த இளைஞர் இதைச் சொன்னதும் நான் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவி கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள். நான் உண்மையில் திட்டியது என்னைத்தான். அது அந்த இளைஞருக்கு எப்படித் தெரியும், பாவம்.

என் பழைய கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்தொரு வருஷம் திருவனந்தபுரத்தில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, முதலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சும் பிற்பாடு வாய்ஸ் கேட்வேயும் பொருத்தியவன் நான். கம்பி இழுப்பதும் கன்ஃபிகரேஷன் போடுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே வரும். அதைப் பற்றி நான் எழுதினால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு விதியைப் பற்றி. டீ ஆறுவதற்குள் அதை அடித்து முடித்தேன். அதனால் ஒரு மனிதருக்குக் கால் போனது, ஒரு பெண்ணுக்கு வேலை போக இருந்தது.

அந்த விதியை நான் போட்டது ஒரு தேயிலைக் கம்பெனிக்கு. அவர்களுக்குப் பொன்முடிப் பக்கம் எஸ்டேட். வித்துரா தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, அதற்கும் மேலே ஒரு மண் சாலையில் போக வேண்டும். தலைமை ஆபீஸ் பழவங்காடியில், கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் இரண்டாவது மாடி. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற சத்தம் நாள் முழுக்க ஜன்னல் வழியாக வரும். அங்கே டெலிபோன் ஆபரேட்டர் சந்திரிகா சேச்சி. வெளியிலிருந்து வரும் எல்லா அழைப்பும் முதலில் அவர் மேஜையில்தான் மணி அடிக்கும். யார், எவர், என்ன வேண்டும் என்று கேட்டு அந்தந்த மேஜைக்கு மாற்றிவிடுவார்.

மேனேஜர் புதிதாக வந்தவர். நாகர்கோவில்காரர், எங்கள் ஊர்ப் பக்கம். அதனால் முதல் நாளே நான் அவருக்கு அண்ணாச்சி ஆகிவிட்டேன். ஆபரேட்டர் வைத்து நடத்துவது பழைய காலம் என்று அவர் நினைத்தார். கேட்வே வைத்தால் அதுவே எடுத்து, அதுவே வரவேற்று, அதுவே மாற்றிவிடும். வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது, எங்கள் கம்பெனியில் என்னிடம் வந்தது.

கேட்வே என்பது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். எந்த அழைப்பு எங்கே போக வேண்டும் என்று நாம் அதற்குள் வரிசையாக விதிகள் எழுதி வைக்கிறோம். மேலிருந்து கீழே அது ஒவ்வொன்றாகப் பார்க்கும். எது முதலில் பொருந்துகிறதோ அதைச் செய்துவிட்டு நின்றுவிடும். "அடடா, இது அவசரம் போலிருக்கிறதே" என்று யோசிக்காது. யோசிக்க வேண்டியவன் விதியை எழுதுகிறவன். அன்றைக்கு அந்த யோசிக்க வேண்டியவன் நான்.

விதிகளுக்கான ஷீட்டை மேனேஜரும் நானும் உட்கார்ந்து தயாரித்தோம். மெயின் நம்பருக்கு வரும் அழைப்பைக் கேட்வே உடனே எடுக்கும். ஒரு பெண் குரல் 'நமஸ்காரம்' என்று வரவேற்கும். மலையாளத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. எஸ்டேட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களுக்கு?

"எல்லாருக்கும் மலையாளம் தெரியும் அண்ணாச்சி. இங்கதானே இருக்காவ" என்றார் மேனேஜர்.

நானும் தமிழன், அவரும் தமிழர். இரண்டு பேரும் தமிழில் பேசிக்கொண்டே தமிழை அந்த ஷீட்டிலிருந்து அடித்தோம். எனக்கு அப்போது உறைக்கக்கூட இல்லை.

பிறகு அவர் பழைய எக்ஸ்சேஞ்ச் அச்சடித்த ஒரு கற்றைத் தாளை எடுத்து என் முன்னால் போட்டார்.

"இந்த லிஸ்டப் பாருங்க. பக்கம் பக்கமா எடுக்காத கால். மாசாமாசம் டைரக்டர்மாருக்கு இது போகுது. நாம போன எடுக்காம தூங்குதோம்னுல்லா நெனைப்பாவ?"

"இதுல முக்காவாசி ரெண்டு மூணு செகண்டுல கட்டானது சார். யாராவது நம்பர் மாத்தி அடிச்சிருப்பாங்க" என்றேன்.

"அப்போ அது காலே இல்ல. இல்லாததுக்கு என்னத்துக்கு ரெக்கார்டு? பத்து செகண்டுக்குள்ள அறுந்து போறது ஒண்ணும் ரிப்போர்ட்டுல வரப்பிடாது. சுத்தமா இருக்கணும், கேட்டியளா."

நம்பர் மாற்றி அடித்திருப்பார்கள் என்பது என் வாயில் வந்த வார்த்தை. யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அந்தத் தாளில் நம்பர் பத்தியை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்திருந்தால் போதும். ஒரே நம்பர் மூன்று மூன்றாக வந்திருப்பது கண்ணில் பட்டிருக்கும். நம்பர் மாற்றி அடிக்கிறவன் வருஷக்கணக்காக ஒரே நம்பரை மூன்று மூன்றாக மாற்றி அடிப்பானா? பார்க்கவில்லை. விதியை அடித்தேன், டீயைக் குடித்தேன்.

கேட்வே மாற்றிய திங்கட்கிழமை காலையில் சந்திரிகா சேச்சி பழவங்காடியில் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, நெற்றியில் சந்தனத்தோடு வந்தார். புது மெஷின் நல்லபடியாக ஓட வேண்டும் என்று. தன் நாற்காலியைப் பிடுங்குகிற மெஷினுக்கு வேண்டிக்கொண்ட மனுஷி அவர். அவரை ரிசப்ஷனுக்கு மாற்றியிருந்தார்கள். பூஜ்யத்தை அமுக்கினால்தான் இனி அவருக்கு அழைப்பு போகும். நான் லேப்டாப்பும் கையுமாக இருக்கும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"சாரே, ஒரு காரியம் பறயணும். எஸ்டேட் டிஸ்பென்சரில இருந்து வர்ற கால் உண்டல்லோ, அது வேற மாதிரியாக்கும்."

"சேச்சி, மேனேஜர் கையெழுத்துப் போட்ட ஷீட்ல என்ன இருக்கோ அதைத்தான் நான் போட முடியும். வேற ஏதாவது வேணும்னா எழுதி அவர்கிட்ட குடுங்க."

"எழுதறதுக்கு அதில ஒண்ணும் இல்ல சாரே. கேட்டாப் போதும். ரெண்டு மினிட்டு."

"இப்போ கட்ஓவர் நடக்குது சேச்சி, பழைய லைனெல்லாம் புதுசுக்கு மாறிட்டிருக்கு. பிறகு பாக்கலாம்."

அந்தப் பிறகு வரவே இல்லை. மாலை நாலு மணிக்கு எல்லாம் நன்றாக ஓடியது. கை குலுக்கினார்கள், லட்டு கொடுத்தார்கள், தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பதினோராவது நாள் காலையில் எஸ்டேட்டில் நிழல் மரத்துக் கிளைகளை வெட்டினார்கள். ஒரு பெரிய கிளை திரும்பி விழுந்து முருகேசன் என்ற தொழிலாளியின் காலை நசுக்கிவிட்டது. டிஸ்பென்சரியில் இருந்தவர் எஸ்தர் என்ற நர்ஸ். கட்டுப் போட்டு ரத்தத்தை நிறுத்தினார். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த மண் சாலையில் ஜீப்தான் ஏறும். ஒப்பந்த ஜீப் வித்துராவில் நிற்கும். தலைமை ஆபீஸ் சொன்னால்தான் அது கிளம்பும். இன்றைக்கு எந்த டிரைவர், அவர் நம்பர் என்ன என்பது ஆபீசில்தான் தெரியும். டிஸ்பென்சரியின் லேண்ட்லைன் கம்பம் எப்போதோ மழையில் சாய்ந்தது, நிமிர்த்த ஆளில்லை. இருந்தது ஒரு பட்டன் போன். அதிலும் சிக்னல் விட்டு விட்டு வரும். நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது.

முருகேசனை ஜீப்பில் கொண்டுபோகவில்லை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் காத்திருந்துவிட்டு, தார்ப்பாயில் கிடத்தி எட்டு பேர் தோள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு தார் ரோடு வரைக்கும் இறங்கினார்கள். பொன்முடி பார்க்க வந்த ஏதோ ஒரு குடும்பம் காரில் இடம் கொடுத்தது. உயிர் பிழைத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் காலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஒரு லெட்டர் வேணும். அந்த நர்சம்மா காலையிலயே ஆபீசுக்கு போன் பண்ணினேன்னு சொல்லுதா. நம்ம ரெக்கார்டுல ஒரு கால் கூட இல்ல. நேரத்துக்குத் தகவல் சொல்லாம விட்டுட்டு இப்போ பொய் சொல்லுதா. அன்னைக்கு எஸ்டேட் நம்பர்ல இருந்து கால் வந்ததா பதிவில்லன்னு உங்க கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுத்துருங்க. என்கொயரிக்கு வைக்கணும்."

நான் போனேன். பதிவைத் திறந்தேன். காலை எட்டு முதல் மதியம் வரை பார்த்தேன். எஸ்டேட் நம்பர் இல்லை. "மேற்படி நேரத்தில் மேற்படி எண்ணிலிருந்து அழைப்பு எதுவும் வந்ததாக இந்த அமைப்பின் பதிவில் இல்லை" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. நன்றாகக் கவனியுங்கள், ஒரு வார்த்தை கூட. நான் என் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான்.

படியிறங்கும்போது சந்திரிகா சேச்சி பின்னாலேயே வந்தார். மூச்சு வாங்கியது.

"சாரே, எஸ்தர் கூப்பிட்டில்லான்னு எழுதிக் குடுத்தீங்களா?"

"பதிவுல இல்லன்னு எழுதினேன்."

"மூணு பெல் வந்ததான்னு பாத்தீங்களா?"

"என்ன மூணு பெல்?"

அந்தப் படிக்கட்டில் நின்றுதான் அதைக் கேட்டேன், கேட்வே மாற்றிய அன்றைக்கே இரண்டு நிமிஷம் கொடுத்துக் கேட்டிருக்க வேண்டியதை. மலையிலிருந்து பேசினால் வார்த்தை அறுந்துபோகும். ஆனால் மணி அடிக்கும். அதனால் எஸ்தரும் சேச்சியும் வருஷக்கணக்காக ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். டிஸ்பென்சரி நம்பரிலிருந்து ஒரு மணி அடித்து நின்றால் மருந்துப் பெட்டி அனுப்ப வேண்டும், சாவகாசமாக. அடித்து நின்று, அடித்து நின்று, மறுபடி அடித்து நின்றால் ஆபத்து. சேச்சி போனை எடுக்கவே மாட்டார். ஒரு கையால் டிஸ்பிளேயில் நம்பரைப் பார்த்துக்கொண்டே இன்னொரு கையால் வித்துரா டிரைவரைக் கூப்பிடுவார். முக்கால் மணி நேரத்தில் ஜீப் மேலே நிற்கும். இரண்டு பிரசவம், ஒரு பாம்புக் கடி, ஒரு நெஞ்சு வலி. எல்லாம் மூன்று பெல்லில் இறங்கி வந்தவை.

"இது வேற யாருக்கும் தெரியாதா சேச்சி?"

"எஸ்டேட்ல பிள்ளைகளுக்குக் கூடத் தெரியும் சாரே. ஆபீஸ்ல ஆரும் கேட்டில்ல. நேத்து மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். 'அப்படி ஒரு புரொசீஜர் எழுத்துல உண்டா'ன்னு கேட்டாரு. எழுத்துல இல்லல்லோ. நான் பின்ன என்ன சொல்ல?"

மூன்று அழைப்பு. மூன்றும் பத்து வினாடிக்குள். கேட்வே எடுத்திருக்கும், வரவேற்றிருக்கும், அறுந்ததும் துடைத்துவிட்டிருக்கும். சேச்சி மேஜையில் ஒரு சத்தமும் வந்திருக்காது. அவர் ரிசப்ஷனில் உட்கார்ந்து யாருக்கோ விசிட்டர் பாஸ் எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

திரும்ப மேலே ஏறினேன். "சார், அந்த லெட்டரைத் திருப்பிக் குடுங்க. அது சரியில்ல" என்றேன்.

"எதுல சரியில்ல? பதிவுல இருக்கா?"

"இல்ல. ஆனா பதியாதேன்னு விதி போட்டது நாமதானே? பத்து செகண்டு."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஞாபகம் வந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. தெரியாமல் செய்தவனை மன்னித்துவிடலாம்.

"கையெழுத்துப் போட்டாச்சுல்லா, இனி என்ன? லெட்டர் பைலுல போயாச்சு. நீங்க பேசாம வீட்டுக்குப் போங்க அண்ணாச்சி. அவ கூப்பிட்டதுக்கு வேற ஆதாரம் இருந்தா அவ காட்டட்டும்."

என்ன ஆதாரத்தைக் காட்டுவார்? பட்டன் போன் கடைசியாக அடித்த பத்து நம்பரைத்தான் வைத்திருக்கும். ஜீப் வராத பிறகு ஊரெல்லாம் உதவிக்கு அடித்துப் பார்த்ததில் அது எப்போதோ வழிந்துபோயிருந்தது. சிம் கார்டு கம்பெனி பெயரில். போன் கம்பெனியில் விவரம் கேட்க வேண்டுமானால் கடிதம் கொடுக்க வேண்டியவர் மேனேஜர். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கேட்வேக்கு ஒன்றுமில்லை, மேனேஜருக்கு ஒன்றுமில்லை, எனக்கு ஒன்றுமில்லை. ரத்தத்தைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு வேலை போகும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

எங்கள் முதலாளியிடம் போனேன். அவர் லெட்டரின் நகலை இரண்டு தடவை படித்தார்.

"நீங்க எழுதினது உண்மைதானே?"

"உண்மைதான் சார்."

"பின்னே உண்மைக்கு எதுக்கு இவ்வளவு டென்ஷன்? அந்த குரூப்புக்கு இன்னும் மூணு ஆபீஸ் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

அன்று வீட்டில் சோறு இறங்கவில்லை. என் மனைவி கேட்டாள், சொன்னேன். "நீங்க போகாட்டி அந்தப் பொண்ணுக்காகப் பேச அங்க யாரு இருக்கா?" என்றாள். யாரும் இல்லை. அதுதான் விஷயம். ரிட்டையர் ஆக எனக்கு ஐந்து வருஷம் இருந்தது. வீரம் எல்லாம் ஒன்றும் கிடையாது, அந்த மூன்று ஆபீஸைக் கணக்குப் போட்டுக்கொண்டேதான் போனேன்.

விசாரணை பழவங்காடி ஆபீசில், கான்ஃபரன்ஸ் ரூமில். விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீலை அமர்த்தியிருந்தார்கள். மேனேஜர் பக்கத்தில் இருந்தார். எஸ்தர் மேஜையின் இந்தப் பக்கம், பையை மடியில் வைத்துக்கொண்டு. அன்றைக்குத்தான் அவரை முதலில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த களைப்பு தெரிந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. லேப்டாப்போடு கதவைத் தட்டி உள்ளே போய், "அந்த லெட்டரில் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன்.

"அவர் சாட்சி லிஸ்டுல இல்ல சார்" என்றார் மேனேஜர்.

"லெட்டர் இருக்கே. எழுதினவர் வந்தா என்ன?" என்றார் வக்கீல். பிறகு எஸ்தரிடம் திரும்பி, "நாலாவது தடவையாக் கேக்கறேன். அன்னைக்கு நீங்க ஆபீசுக்குக் கூப்பிட்டதுக்கு உங்க வார்த்தையைத் தவிர ஏதாவது இருக்கா? இருக்கு, இல்ல, அது போதும்" என்றார்.

"இல்ல சார்" என்றார் எஸ்தர்.

எனக்கு வந்த கோபத்தில் வாய் குழறியது. விளக்கம் சொன்னால் எடுபடாது என்று அந்த நொடியில் புரிந்தது. பத்து வினாடி, விதி, பதிவு என்று நான் பேசினால் மேனேஜர் இன்னும் நன்றாகப் பேசுவார். அதனால் வக்கீலிடம், "சார், உங்கள் மொபைலை எடுங்கள். இந்த ஆபீஸ் மெயின் நம்பருக்கு அடியுங்கள். குரல் கேட்டதும் வைத்துவிடுங்கள்" என்றேன்.

"எதுக்கு?"

"ஒரு நிமிஷம் சார். மூன்று தடவை."

அவர் ஏதோ வித்தை பார்ப்பதுபோல அடித்தார். வைத்தார். அடித்தார், வைத்தார். மூன்றாவது தடவையும். கதவு திறந்துதான் இருந்தது. வெளியே சேச்சியின் மேஜை தெரிந்தது. ஒரு மணி கூட அடிக்கவில்லை. நான் லேப்டாப்பில் பதிவைத் திறந்து அவர் பக்கம் திருப்பினேன்.

"உங்கள் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலும் கீழும் தேடினார். தன் மொபைலைப் பார்த்தார். மறுபடி லேப்டாப்பைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்னய்யா இது? நான் இப்போதானே கூப்பிட்டேன்! எல்லாரும் பாத்துட்டுதானே இருந்தீங்க!"

"பதிவில் இல்லை சார்" என்றேன். "வேண்டுமானால் நீங்கள் கூப்பிடவில்லை என்று லெட்டர்ஹெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்."

தன் அழைப்பு காணாமல் போனதும் அந்த மனிதருக்கு எவ்வளவு ரோஷம் வந்தது, பாருங்கள். இதையே எதிரில் உட்கார்ந்திருந்த பெண் நாலு தடவை சொன்னபோது அது வெறும் வார்த்தை. நியாயம் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் கூடியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வழி சொன்னவர் யார், மறைத்தவன் யார் என்று அங்கேயே சொன்னேன். பத்து வினாடி விதி மேனேஜர் சொல்லி நான் எழுதியது என்று எழுதியே கொடுத்தேன், லெட்டர்ஹெட்டில் இல்லை, வெள்ளைத் தாளில். சந்திரிகா சேச்சியையும் உள்ளே கூப்பிட்டு மூன்று பெல் விஷயத்தை எழுதி வாங்கினார்கள். எழுத்தில் இல்லாதது அன்றைக்கு எழுத்தில் வந்தது, ஒரு மனிதருடைய கால் போன பிறகு. எஸ்தர் மேல் இருந்த நடவடிக்கையை விட்டுவிட்டார்கள்.

மேனேஜருக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருஷம் கொச்சி ஆபீசுக்குப் பெரிய பதவியில் போனார். வழியனுப்பு விழாவில் அவர் காலத்து ரிப்போர்ட்டுகளின் சுத்தத்தைப் பாராட்டிப் பேசினார்களாம். மீதி மூன்று ஆபீஸ் வேலையும் வேறு கம்பெனிக்குப் போனது. எங்கள் முதலாளி என்னோடு ஆறு மாதம் சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

ஒப்பந்தம் கைமாறுவதற்குள் ஒரு வேலை மட்டும் செய்தேன். டிஸ்பென்சரி நம்பருக்கு எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி போட்டேன். வரவேற்புக் குரல் கிடையாது, நேராகச் சேச்சி மேஜையில் மணி அடிக்கும். அங்கே ஆளில்லாவிட்டால் இன்னும் நாலு மேஜையில் ஒரே நேரத்தில் அடிக்கும். எவ்வளவு சின்ன அழைப்பானாலும் பதியும். இதற்கு எனக்குப் பிடித்தது மூன்று நிமிஷம். போட்டதைச் சோதித்துப் பார்க்காமல் இந்தத் தடவை விடக்கூடாது என்று வித்துரா வரை பஸ்ஸிலும் அதற்கு மேல் அந்த ஜீப்பிலேயும் ஏறிப்போனேன். ஜீப்பைக் கீழே திருப்பி அனுப்பி, அது வித்துரா போய்ச் சேர நேரம் விட்டு, எஸ்தரிடம் மூன்று பெல் அடிக்கச் சொன்னேன். அடித்தார். இரண்டு பேரும் டிஸ்பென்சரி வாசலில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் எனக்கு நன்றி சொல்லுவார் என்று மனதின் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன். அதனால்தானோ என்னவோ, நானே பேச்சை ஆரம்பித்தேன்.

"அன்னைக்கு ரெண்டு மணி நேரம் ஏன்மா காத்திருந்தீங்க? முக்கால் மணி நேரத்துல ஜீப் வரலன்னதுமே தூக்கிட்டு இறங்கியிருக்கலாமே?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பழைய மாதிரி வெறும் பெல் அடிச்சு நின்னிருந்தா எறங்கியிருப்பேன் சார். சந்திரிகா அக்கா சீட்ல இல்ல போலன்னு நெனச்சிருப்பேன். அப்படி ரெண்டு தடவை தூக்கிட்டுப் போயிருக்கோம். அன்னைக்கு முதல் பெல்லுலயே யாரோ எடுத்து 'நமஸ்காரம்'னு சொன்னாங்க. சிக்னல் போறதுக்குள்ள ஜீப் வேணும், ஜீப் வேணும்னு கத்தினேன். மறுபடி அடிச்சேன், மறுபடியும் நமஸ்காரம்னாங்க. மூணு தடவையும் எடுத்தாங்க சார். அதான் முருகேசன்கிட்ட சொன்னேன், பயப்படாதே, போனை எடுத்துட்டாங்க, வண்டி கெளம்பிருச்சுன்னு. தூக்குவோம் தூக்குவோம்னு நின்ன ஆம்பளைங்களை நான்தான் வேணாம்னு தடுத்தேன்."

கீழே வளைவில் ஜீப்பின் சத்தம் கேட்டது. மணி பார்த்தேன், நாற்பது நிமிஷம்.